சத்தம் போடாத ஊர்

பறவை பார்க்கப் போகிறவர்கள் வெள்ளைச் சட்டை போடக் கூடாது, சார். இதை எனக்குச் சொன்னவள் என் மனைவி சித்ரலேகாதான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாளையங்கோட்டையிலிருந்து பைக்கில் கிளம்பி, அந்தச் சரணாலயக் குளத்தின் கரையில் இரண்டு பேரும் நடப்போம். பைனாகுலர் ஒன்றுதான். அவள் பார்த்துவிட்டு என்னிடம் தருவாள்.

அது தீபாவளிக்கே வெடி போடாத ஊர். நாரையும் கூழைக்கடாவும் குஞ்சு பொரித்திருக்கும் மாதங்களில் யாரும் உரக்கப் பேசக்கூட மாட்டார்கள். தாய்ப்பறவை மிரண்டு எழும்பினால் குஞ்சு கூட்டிலிருந்து விழுந்துவிடும். எங்கள் வீடும் அப்படித்தான். சத்தம் எனக்கு ஆகாது என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன். அவள் புரிந்துகொண்டாள். வாசல் கதவின் சாவி என் பையிலேயே இருக்கும். அவள் எதையும் தொலைத்துவிடுகிற ஆள்.

அன்று குளத்துக்கு வரும் வழியில் டீக்கடையில் எல்லோரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கார் நெல் சாகுபடிக்கு அணையைத் திறந்துவிட்டார்களாம், காலையிலேயே வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடுமாம். அவள் வண்டியருகே நின்றாள். அது அவள் காதில் விழவில்லை.

கரையில் நடக்கும்போது சொன்னாள். "நாளைக்கு நான் தூத்துக்குடிக்கு அக்கா வீட்டுக்குப் போறேங்க. இனிமே வர மாட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. தூத்துக்குடியில் எவ்வளவு இரைச்சல்.

வாய்க்கால் குளத்தில் சேரும் இடம் மேலே காய்ந்திருக்கும், உள்ளே இடுப்பளவு சகதி. "அந்தா, ஒரு குஞ்சு விழுந்து கிடக்கு பாரு" என்றேன். விழுந்த குஞ்சை எடுத்து ஊர்க்காரர்களிடம் கொடுப்பது அவள் வழக்கம். செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினாள்.

"என்னங்க, காலை உருவ முடியல. யாரையாவது கூப்பிடுங்க." அப்போதும் காதோடு பேசுவதுபோல்தான் சொன்னாள். மேலே கருவேல மரம் நிறையக் கூடுகள். நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். வாய்க்காலில் தண்ணீர் இரைவது கேட்டதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பைனாகுலரில் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளை வெளியே எடுத்த ஊர்க்காரர் சுடலைமாடன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஒரு சத்தம் குடுத்திருந்தா ஊரே ஓடியாந்திருக்குமே, அண்ணாச்சி. பறவ பறந்தா பறந்துட்டுப் போவுது."

குஞ்சு எதுவும் விழவில்லை, சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் அவளைத் தள்ளவில்லை, அவள் வாயைப் பொத்தவும் இல்லை. நிஜமாகவே என்னை விட்டுப் போக நினைத்திருந்தால், அவள் ஒரு முறையாவது கத்தியிருப்பாள்.