செத்தவரோட கார்டு

பெர்மாஸ் ஜெயாவில் பஸ் ஏறினேன். என் பின்சீட்டில் இரண்டு பெண்கள். கேமரா பையை மடியில் வைத்திருந்தவர் சொன்னார்:

"செத்தவரோட கார்டுல தாலி கட்டுறதை எடுக்காதேன்னு பொண்ணோட அம்மா சொல்லுச்சு."

"உங்க வீட்டுக்காரரோட மெமரி கார்டுன்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்க்கா?"

"மேல அவர் பேரு எழுதியிருக்குலா. பார்த்திருச்சு."

"பழைய கார்டுதானே. இன்னும் தாங்குதா?"

"படத்தை ஏத்தி ஏத்தி அழிச்சாதான் கார்டு தேயும், ஆளு செத்தா தேயாதுன்னேன். கேட்கலை. சரி, கல்யாண வீடு, சண்டை வேணாம்னு புதுசு ஒன்னு வாங்கிப் போட்டேன். என் கேமராவுல ரெண்டு கார்டு போடலாம், ரெண்டுலயும் படம் ஏறும். பழசை நான் வெளிய எடுக்கலை."

"அப்புறம்?"

"தாலி கட்டுற நேரத்துல புதுசு மண்டையைப் போட்டுருச்சு. அதுல ஒரு படம் இல்ல. எல்லாம் பழசுலதான் இருக்கு."

"ஐயய்யோ, அலமாக்! பேசாம காப்பி பண்ணிக் குடுத்துடுங்கக்கா. எதுல இருந்துச்சுன்னு சொல்லாதீங்க."

"ஏன் சொல்லக்கூடாது? அந்தம்மாவை உக்கார வச்சு, அவர் பேரு எழுதின கார்டைக் கண்ணு முன்னால காட்டிட்டுத்தான் குடுப்பேன். வேணாம்னா, மாப்பிள்ளையைக் கூப்பிட்டு மறுபடியும் தாலி கட்டச் சொல்லட்டும்."