ஊருக்குப் போகாதவர்களின் விடுமுறைப் பாட்டு

இந்த மாலையைத் தோளில் சுமந்து நடத்தித் தரும் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி என் பயத்தை இரட்டிப்பாக்கிவிட்டு அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளை மடியிலும் பைகளைக் காலடியிலும் வைத்துக்கொண்டு காது கொடுக்க வந்திருக்கும் தாய்மார்களே, திரைக்குப் பின்னால் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும் கலைஞர்களே, நாற்காலி கிடைக்காமல் வாசலோரம் நிற்கும் நண்பர்களே, உங்கள் எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

பெரிய நிறுவனங்களின் தயவில்லாமல், தாமே பாடி, தாமே பதிவு செய்து, தாமே உலகத்துக்கு அனுப்புகிறவர்களின் விடுமுறைக்கால இசையைத் தேடிக் கண்டடைவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் இசை படித்தவள் அல்ல. ஊசி போடுகிறவள். சிரிக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களும் இப்படிச் சிரித்தால் என் வேலை எவ்வளவு சுலபமாக இருக்கும்.

சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்து தருகிற டயாலிசிஸ் பிரிவில் நான் நர்ஸ். அங்கே வருகிறவர்கள் வாரத்தில் மூன்று நாள் வந்தாக வேண்டும். ஆண்டு முடிகிறது, அலுவலகம் மூடுகிறது, பள்ளி அடைக்கிறது, பேருந்தெல்லாம் நிரம்பி வழிகிறது. அவர்கள் எங்கே போவார்கள்? ஊர் போவார்களா? உறவு பார்ப்பார்களா? கடலோரம் காலாற நடப்பார்களா? கட்டில்தான் அவர்களுக்குக் கடற்கரை. கூரையில் சுற்றும் மின்விசிறிதான் காற்று.

அந்தக் கூரையில் ஓர் ஒலிபெருக்கி உண்டு. ஆண்டின் கடைசி மாதம் வந்துவிட்டால் ஒரே பாட்டுத்தொகுப்பு, காலை முதல் மாலை வரை. எல்லாப் பாட்டிலும் யாரோ வீடு திரும்புவார்கள். எல்லாப் பாட்டிலும் யாரோ கதவைத் திறந்து கட்டிக்கொள்வார்கள். சென்ற ஆண்டு ஒருநாள், சன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த டாக்ஸி டிரைவர் என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்களேன். எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு எத்தனை தடவை சொல்லும்?"

நிறுத்தினேன். நிறுத்தியதும் இயந்திரங்களின் முனகல்தான் மிச்சம். அது இன்னும் கொடுமை. பக்கத்துக் கட்டிலில் தையல்கார அக்கா, அதற்கடுத்து ஓய்வுபெற்ற டீச்சர். "வேற ஏதாவது போடும்மா" என்றார்கள். எது வேண்டும் என்று கேட்டதுதான் நான் செய்த புண்ணியம். டீச்சருக்குச் செவ்வியல் இசை வேண்டும், வார்த்தையே இல்லாமல். அக்காவுக்கு நாட்டுப்பாடல் வேண்டும், வார்த்தை மட்டும் புரிந்தால் போதும். டிரைவர் பக்கம் திரும்பினேன்.

"உங்களுக்கு என்னண்ணே?"

"எனக்கு என்ன. எதையாவது போடுங்க." பிறகு அவரே சொன்னார்: "என் பையன் ஒரு வாத்தியம் வாசிப்பான். வயலின் மாதிரியே இருக்கும், ஆள் உயரத்துக்கு இருக்கும். கட்டிப்பிடிச்சு நின்னுக்கிட்டு வாசிக்கணும். வெளியூர்ல ஓட்டல்ல வேலை. எல்லாரும் ஊருக்கு வர்ற சீசன்லதான் அவனுக்கு வேலையே."

அதன் பெயர் டபுள் பேஸ். ஜாஸ் இசையில் அடித்தளம் அதுதான். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அன்று முதல் வீடு திரும்பும் பேருந்தில் காதில் கருவியைச் செருகிக்கொண்டு இணையத்தில் தேடத் தொடங்கினேன். எப்படித் தேடினேன்? தாமே பதிவு செய்து போடுகிற ஒருவரைப் பிடித்தால் அவரோடு வாசித்தவர் யார் என்று பார்த்தேன். அந்த இன்னொருவர் தனியாக என்ன செய்திருக்கிறார் என்று அவர் பின்னால் போனேன். ஒரு கதவு இன்னொரு கதவைக் காட்டியது. நான்கு நண்பர்கள் மூடிய பள்ளிக்கூடத்தில் அமர்ந்து வயலின்களில் வாசித்த குளிர்கால இசை கிடைத்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். சமையலறையில் நின்று ஒரு பெண் பாடிய விடுமுறைப்பாட்டு கிடைத்தது, நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அதை வெட்டாம விட்டுருக்கா பாரு, கெட்டிக்காரி" என்றார்.

பிறகு மூன்று பேர் வாசித்த ஜாஸ் ஒன்று கிடைத்தது. பியானோ, மெல்லிய டிரம், அடியில் ஆழமாக அந்த ஆள் உயர வாத்தியம். போட்டேன். டிரைவர் தலையைத் திருப்பினார்.

"சிஸ்டர், இது என் பையன்."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"சின்னப் பையனா இருக்கறப்ப என் வண்டி பின்சீட்டுலதான் கிடப்பான். இண்டிகேட்டர் அடிச்சா அதுக்குத் தாளம் போடுவான். கேளுங்க, அதே தாளம்."

அன்றே தேடிப் பார்த்தேன். வாசித்தது அவர் மகன் இல்லை. வேறு ஏதோ நகரத்தில் இருக்கும் ஒரு பெண். இதை எப்படிப் போய்ச் சொல்வது? சொல்லாமல் இருந்தால் அந்த நம்பிக்கையோடு அவர் உறங்குவார். சொன்னால் அந்தத் தூக்கத்தை நான்தானே கலைக்கிறேன்? ஆனாலும் பொய்யை ஏற்றி ஒருவர் இரத்தத்தைச் சுத்தம் செய்ய முடியாதே. அடுத்த முறை அவர் வந்தபோது சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "எனக்கும் தெரியும் சிஸ்டர். பாட்டு ஓடின நேரம் மட்டும் அவன்தான்னு வச்சிக்கிட்டேன்."

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்கிறது. பொறுங்கள், கதை முடியவில்லை.

"அப்ப நிஜமா அவன் வாசிக்கறதை எப்ப கேட்டீங்க?" என்றேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். டீச்சர்தான் தன் கட்டிலிலிருந்து, "போன் போட்டுக் குடும்மா" என்றார். ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது, மறுகையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. ஆகவே போனை நானே அவர் காதருகே பிடித்தேன். மகன் பதறிப்போய் எடுத்தான்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. வேலையா இருக்கியா?"

"சாயங்காலம்தான். சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. நீ வாசிக்கறதை நான் கேட்டதே இல்லையே தம்பி, அதான்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். பிறகு அவன் குரல் வந்தது.

"நீங்க கேக்கவே இல்லையேப்பா."

அன்பர்களே, என் தாய்மொழி அன்றைக்கு என்னை நிற்க வைத்து அறைந்தது. செவியால் கேட்பதும் கேட்பதுதான். வேண்டுமென்று கேட்பதும் கேட்பதுதான். இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அப்பா கேட்டால் அனுப்பலாம் என்று அவன் இருந்தான். அவன் அனுப்பினால் கேட்கலாம் என்று இவர் இருந்தார். எத்தனை வீடுகளில் இப்படி இருவர் இருக்கிறார்கள்? எத்தனை பாட்டு இப்படி வாசலிலேயே நிற்கிறது?

சில நாளில் ஒலிப்பதிவு வந்தது. ஓட்டலில் போர்வைகளும் விரிப்புகளும் அடுக்கி வைக்கும் அறையில், எதிரொலி வராமலிருக்க அந்தத் துணிகளுக்கு நடுவே நின்று வாசித்திருக்கிறான். முதலில் அவன் குரல்: "இந்த விடுமுறைக்கு நானே போட்ட மெட்டுப்பா. எந்தக் கடையிலயும் இதைப் போடமாட்டாங்க." பிறகு அந்த வாத்தியம் மட்டும். துணை இல்லை, தாளம் இல்லை. நடுவில் ஓரிடத்தில் தவறுகிறான், நிறுத்துகிறான், மூச்சு விடுகிறான், மீண்டும் அங்கிருந்தே தொடங்குகிறான். வெட்டி எறியவில்லை. டிரைவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. நான் துடைத்தேன்.

முடிந்ததும் தையல்கார அக்காதான் பேசினார். "அவனை வரச் சொல்லுங்கண்ணே."

"வந்தா ரெண்டு நாள் இருப்பான், போயிடுவான். இது என் போன்லயே கிடக்குமே, தினமும் கேக்கலாமே." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் பேச்சு முடிந்தது என்று நினைத்தோம். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "ஆனாலும், வந்தா நல்லாத்தான் இருக்கும்."

இந்த ஆண்டும் அவன் வரவில்லை. சீசன். அவர் இங்கே வர ஆசைப்பட்டார், இன்று அவருடைய முறை நாள். நாம் இங்கே கூடியிருக்கும் இந்த வேளையில் அவர் அங்கே படுத்திருக்கிறார். மகன் மட்டும் மாதம் தவறாமல் ஏதோ ஒன்றை அனுப்பிக்கொண்டிருக்கிறான். அப்பாவும் இப்போது வெட்கமில்லாமல் கேட்கிறார்.

ஆகவே அன்பர்களே, இசையைக் கண்டடைவது எப்படி என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். செவ்வியலோ ஜாஸோ நாட்டுப்பாடலோ, பெயர் தெரியாத ஒருவரைத் தேடிப் போங்கள். தேடிப் போனால் முழுதாகக் கேளுங்கள். முழுதாகக் கேட்டால், கேட்டேன் என்று அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். எங்கோ ஓர் அறையில், விடுமுறை நாளில் வீடு போக முடியாத ஒருவர், யாருக்கென்றே தெரியாமல் வாசித்துக்கொண்டிருக்கிறார். அது உங்களுக்காகத்தான் என்று அவருக்கு நீங்கள் சொன்னால்தானே தெரியும்?

திரைக்குப் பின்னால் கலைஞர்கள் காத்திருக்கிறார்கள், இனி நான் பேசினால் அது குற்றம். இவ்வளவு நேரம் ஒரு நர்ஸின் பேச்சைப் பொறுமையோடு கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி கூறி, உங்கள் வீட்டு வாசலுக்கு நீங்கள் காத்திருப்பவர் வந்து சேரட்டும் என்று வாழ்த்தி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.