கோவாலாவையும் மரவண்டையும் ஒப்பிட்ட சீவரத்தினம் ஆசிரியருக்கு

விலங்கியலை விரும்ப வைத்த வித்தகரே! தென்மராட்சி தந்த தீர்க்கமான திருமகனே! எதையும் எளிதில் நம்பாத எங்கள் ஏந்தலே! வணக்கம்.

புகழை அடுக்கினால் இதற்குள் என்ன சூது என்று தாங்கள் ஐயுறுவீர்கள். ஆகவே தங்கள் பிரியாவிடைக்குக் கூடிய இந்தச் சபையோருக்கு, நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

மெல்பேர்னில் வாழும் எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் அன்பளித்த மண்டபத்தில் ஆசிரியரின் உயர்தர வகுப்புக்கு இடம் ஒதுக்கினோம். திறப்பு விழா முடிந்த கையோடு பிள்ளைகள் அமரும் வாங்குகளில் மாப்போன்ற தூளைக் கண்டார் அவர். துடைத்தார், மறுநாளும் கிடந்தது. கூரை மரத்தை வண்டு குடைகிறது என்றார். நாங்கள் கூரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தோம். கட்டடக் குழுவில் சேர்க்காத கோபம் என்று தேநீர் வேளையில் கதைத்தோம்.

கூட்டத்தில் பாடசாலை அதிபர் ஜெயகௌரி அம்மையார், அன்பளித்தவர்கள் அனுப்பிய அவுஸ்திரேலிய விலங்கான கோவாலாவின் படத்தைச் சுவரில் காட்டி, இவ்வளவு அன்பானவர்கள் தந்த மண்டபத்தில் பழுதிருக்குமா என்றார். ஆசிரியர் எழுந்தார்.

"கோவாலாவும் மரத்திலைதான் சீவிக்குது, வண்டும் மரத்திலைதான் சீவிக்குது. கோவாலா இலையைத் தின்னிறதை நிண்டு பாக்கலாம். வண்டின்ரை புழு உள்ளுக்கை இருந்து தின்னும். வெளியிலை மரம் வடிவாத்தான் இருக்கும். நான் தூளைத்தான் நம்பிறன்."

அன்பளித்தவர்களை அவமதித்தார் என்று கொதித்தோம். அவரோ வகுப்பை ஆய்வுகூடத்துக்குள் நெருக்கியடித்து நடத்தினார். விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. ஓய்வுக்குச் சில மாதங்களே இருக்க, ஓய்வூதியம் சிக்கிவிடுமோ என்று அவருக்கு உள்ளூரப் பயம். வாத்தியார் அறையில் யார் சிரித்தாலும் தம்மைப் பற்றித்தானோ என்று சந்தேகம். பல நாள் சந்தேகம் சரியாகவும் இருந்தது. ஆனாலும் பிள்ளைகளை அந்தக் கூரையின் கீழ் இருத்த அவர் இணங்கவில்லை.

மாரி மழை கொட்டிய ஒரு காலை, பாடம் நடக்கும் நேரத்தில், மண்டபக் கூரையைத் தாங்கிய வளைமரம் முறிந்து ஓடுகளோடு விழுந்தது. உயர்தர வகுப்பு வாங்குகள் நொறுங்கிப் போயின. அவற்றில் ஒரு பிள்ளையும் இருக்கவில்லை. ஆசிரியர் ஓடி வந்து பார்த்தார். ஆய்வுகூடத்துக்குத் திரும்பிப் பிள்ளைகளை எண்ணினார், பிறகு அழுதார். நாங்கள் வெட்கித்து நின்றோம்.

பெருந்தகையே! நோய் நொடியின்றி, துணைவியார் குணலட்சுமி அம்மையாரோடும் மக்களோடும் நீடு வாழ்க! இந்த மடலுக்குப் போட்ட மரச்சட்டத்தை வீட்டில் மாட்டுமுன் தட்டிப் பார்ப்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இங்கேயே, எங்கள் முன்னாலேயே தட்டிப் பாருங்கள் ஐயா. பழுதென்று தாங்கள் சொன்னால் இம்முறை நம்புவோம்.

தங்களை நம்பாதிருந்த,
ஆசிரியர் குழாத்தினர்
சாவகச்சேரி