ஆறாம் கம்பிக்கு அஞ்சி எழுதிய மடல்

கம்பியின் கள்ளத்தைக் கண் காணும் முன்னே கண்டுவிடும் கட்டைவிரல் நகத்துக்கு உரியவரே! முப்பத்தோராண்டு முத்திரையில் மாசு படியாமல் காத்து, இன்று பணி ஓய்வு பெறும் முதன்மைச் சரிபார்ப்பாளரே! எங்கள் ஆறாங்கம்பி அக்கா அவர்களே! வணக்கம்.

இம்மடலை வாசித்து முடிக்கும்வரை தாங்கள் நாற்காலியை விட்டு எழக்கூடாது என்று முதற்கண் வேண்டிக்கொள்கிறோம். அருகில் அமர்ந்திருக்கும் அத்தானிடமும் சொல்லிவைத்திருக்கிறோம். தங்கள் கையைச் சற்றே பிடித்துக்கொள்வார். காரணம் பின்னால் வருகிறது. அதை எப்படிச் சொல்வதென்றுதான் நேற்றிலிருந்து எழுதி எழுதிக் கிழிக்கிறோம்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பி, வேலைக்குச் சேர்ந்த அன்று எங்களுக்கு வெறும் இரும்பு. எஃகை உள்ளே வைத்து, நிக்கல் பூசிய மெல்லிய கம்பியை அதன்மேல் இடைவெளியின்றிச் சுற்றி, ஒரு முனையில் பித்தளைக் குண்டைக் கோத்து முறுக்கினால் தடித்த கம்பி பிறக்கிறது; ஆறிலும் தடித்தது ஆறாம் கம்பி. அதன் அதிர்வைக் கிட்டாரின் காந்தம் பிடித்தால்தான் ஒலிபெருக்கியில் ஓசை எழுகிறது. இத்தனையும் எந்திரம் செய்யும். ஆனால் உள்கம்பி ஆறு பட்டையாய் இருந்தால் அதன் விளிம்புகள் சுற்றைக் கவ்விக்கொள்ளும். உருண்டையாய் இருந்தாலோ, வாலை மடக்காமல் வெட்டிய மறுநொடியே சுற்று நெகிழ்ந்து நாதம் செத்துவிடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. வால்முனையை நகத்தில் உருட்டி இன்னதென்று சொல்லத் தாங்கள் இருந்தீர்கள். அந்தத் தெம்பில் நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

எந்தக் கம்பி வாங்கலாம் என்று தொலைபேசியில் கேட்டவர்களை, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, விரல் வலிக்குதா, சுருதி தொங்குதா, அதைச் சொல்லு" என்று மடக்குவீர்கள். விரல் வலித்தவர்க்கு மெல்லியது, சுருதி இறக்கி வாசிப்பவர்க்குத் தடித்தது, பளீரென்ற ஒலிக்கு எஃகுச் சுற்று, இதமான ஒலிக்கு நிக்கல் சுற்று என்று தாங்கள் சொன்னதைக் கேட்டு அவர்கள் தேறினார்கள். நாளை அந்தத் தொலைபேசி மணியடித்தால் யார் எடுப்பது என்று இன்னமும் முடிவாகவில்லை, அக்கா.

இனிச் சொல்லிவிடுகிறோம். குழுப்படம் எடுக்க வேண்டுமென்று நேற்றுக் காலையில் தங்களை நச்சரித்து, மதியச் சரக்குக்கான சீட்டுகளில் முன்கூட்டியே முத்திரை வாங்கினோமே! கம்பியைப் பார்க்காமல் தாங்கள் முத்திரை குத்திய ஒரே நாள் அது. தங்களை வாசலில் நிற்கவைத்துச் சிரிக்கச் சொன்ன அந்த நேரத்தில், இரண்டாம் எந்திரத்தில் ரீல் மாறிவிட்டது. தனி ஆர்டருக்கென வைத்திருந்த உருண்டை உள்கம்பியில் ஆறாம் கம்பிகள் ஓடின. எப்போது மாறியதென்று யாருக்கும் தெரியவில்லை. தங்கள் முத்திரையோடு முந்நூற்று நாற்பது பாக்கெட்டுகள் வண்டியேறக் காத்திருந்தன.

எழாதீர்கள்! அத்தான், பிடித்துக்கொள்ளுங்கள்.

தாங்கள் வீட்டுக்குப் போனபின் அத்தனையையும் பிரித்தோம். மேலாளர் முதல் பெருக்குபவர் வரை வால்முனையை நகத்தில் உருட்டினோம். ஆறு பட்டை கரகரவென்று உறுத்தியது, உருண்டை வழுக்கியது. இருபத்து மூன்று உருண்டைகள் அகப்பட்டன. ஒன்றே ஒன்றில் மட்டும் ஊர் இரண்டுபட்டது. "பட்டைதான், என் நகம் பொய் சொல்லாது" என்றார் எந்திரக்கார அண்ணன். "உங்க நகத்துல கிரீஸ் இருக்கு, எங்க தெரியும்!" என்றாள் பொட்டலப் பிரிவுத் தங்கை. நாலு பேர் அப்படி, நாலு பேர் இப்படி.

"அக்காவையே கூப்பிடலாமா?" என்றார் மேலாளர். தொலைபேசியைத் தள்ளி வைத்தோம். கூப்பிட ஆசை இல்லாமல் இல்லை. நேற்றுக் கூப்பிட்டால் நாளையும் கூப்பிடுவோம் என்ற பயம். அப்போது பண்டகசாலைக்காரர் தங்கள் குரலிலேயே சொன்னார்: "சந்தேகம்னு வாயில வந்துட்டாலே போதும், வெட்டிடு." வெட்டிவிட்டோம். தங்கள் முத்திரையோடு வண்டி போய்விட்டது. தவறாக ஒரு கம்பியும் போகவில்லை என்றுதான் நம்புகிறோம். இராத் தூக்கம் மட்டும் யாருக்கும் வரவில்லை. தாங்கள் இப்படித்தான் முப்பத்தோராண்டு படுத்தீர்களா, அக்கா?

வெட்டிய அந்தக் கம்பியின் துண்டுகளை நினைவாக இம்மடலுக்குப் போட்ட கண்ணாடிச் சட்டத்துக்குள் பதிக்கலாம் என்றார் மேலாளர். வேண்டவே வேண்டாம் என்றோம். வீட்டுக்குப் போனதும் கண்ணாடியைக் கழற்றி, எடுத்து உருட்டிப் பார்ப்பீர்கள். அது பட்டையாகவே இருந்துவிட்டால் எங்கள் கதி என்ன!

உருட்டிப் பார்க்க ஏதுமில்லாமல் தங்கள் விரல்கள் ஓய்வெடுக்கட்டும்! நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு காணும்வரை அத்தான் கையில் அவை அமைதியாக இருக்கட்டும்!

இங்ஙனம்,
நேற்று முதல் கட்டைவிரல் நகத்தை வெட்டாமல் வளர்த்துவரும்
கம்பி ஆலைப் பணியாளர்கள்