முப்பத்தோராயிரத்து நூற்றிருபது நிமிடம் தாமதம்

— எத்தனைன்னு சொன்னீங்க?

— எதை, மாஸ்டர்?

— இப்போ மைக்குல. ரயில் எத்தனை நிமிஷம் தாமதம்னு சொன்னீங்க?

— முப்பத்தோராயிரத்து நூத்தியிருபது. ஏன், சரியாக் கேக்கலையா? மைக்கும் போயிடுச்சா?

— மைக் நல்லாத்தான் இருக்கு. நேத்து எத்தனை சொன்னீங்க?

— நேத்து சொன்னதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா? நேத்து நான் சாப்பிட்டேனாங்கிறதே ஞாபகம் இல்ல.

— பதிவேடு உங்க முழங்கைக்குக் கீழதான் இருக்கு. பாத்துச் சொல்லுங்க.

— இருங்க. நேத்து… முப்பத்தோராயிரத்து அறுநூத்தி எண்பது.

— இன்னைக்கு?

— முப்பத்தோராயிரத்து… ஐயோ.

— ம்.

— முப்பத்துமூணுன்னு சொல்லியிருக்கணும். முப்பத்துமூவாயிரத்து நூத்தியிருபது. வாய் தவறி முப்பத்தொண்ணுன்னு வந்துடுச்சு.

— ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூத்தி நாப்பது நிமிஷம். தினமும் அதைக் கூட்டிக்கிட்டே வரணும். இருபத்திரண்டு நாளா ஒழுங்காத்தான் கூட்டினீங்க. இருபத்துமூணாம் நாள், நேத்தைவிடக் குறைச்சுச் சொல்லிட்டீங்க மேடம்.

— மேடம்னு கூப்பிடாதீங்க. நீங்க மேடம்னா கோவத்துல இருக்கீங்கன்னு அர்த்தம்.

— எனக்குக் கோவப்படத் தெம்பு இல்ல. அப்பவே மணிக்கணக்குல சொல்லலாமான்னு தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டேன். ‘படிவத்தில் மணிக்குக் கட்டம் இல்லை’ன்னு பதில் வந்துச்சு.

— பாருங்க, அந்த போர்டுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்ல. நாலு இலக்கத்துக்கு மேல முடியாதுன்னு ஏழாம் நாளே கண்ணை மூடிக்கிச்சு.

— அது என்ன சத்தம்?

— எது?

— வெளியில, நடைமேடைப் பக்கம். சுடறாங்களா? ஜன்னல்கிட்டப் போகாதீங்க, குனிஞ்சு பாருங்க!

— சுடலை மாஸ்டர். கைதட்டறாங்க.

— கைதட்டறாங்களா?

— இந்த ஊர்ல யாரும் கைதட்டி நாளாச்சு. எனக்கும் ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுச்சு. பெஞ்சுல கிடந்தவங்கல்லாம் எழுந்து நிக்கறாங்க. அந்த நீலப் பெட்டிக்காரர் இருக்காரே, ரெண்டு பொண்ணுங்களும் இந்த ரயில்லதான்னு சொல்லுவாரே, அவர் தூணைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கறார்.

— போச்சு. ரயில் எங்கயோ நகர ஆரம்பிச்சிடுச்சு, விட்ட நேரத்தைப் பிடிச்சுக்கிட்டு வருதுன்னு நினைச்சுட்டாங்க.

— ஆமா.

— திருத்திடுங்க. தப்பான அறிவிப்பை அஞ்சு நிமிஷத்துக்குள்ள திருத்தணும்னு விதி இருக்கு. இதோ, நாப்பத்தொண்ணு. ‘வருந்துகிறோம்’ வரைக்கும் எழுதியே கொடுத்திருக்கான். நீங்க நம்பரை மட்டும் மாத்திச் சொன்னாப் போதும்.

— சொல்றேன்.

— சொல்லுங்க.

— சொல்றேன்னு சொன்னேன்ல?

— மைக்கைப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க, சிவப்பு விளக்கு எரியுது. எல்லாருக்கும் உங்க மூச்சுதான் கேக்குது.

— அணைச்சுட்டேன். முடியல மாஸ்டர். அந்த ரயில்ல கார்டா வர்றவர் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாள்லேருந்து ‘அவர் வர லேட்டாகும்’னு மாமியார்கிட்ட சொல்லிச் சொல்லிப் பழகினவ நான். இப்ப அதையே சம்பளம் வாங்கிக்கிட்டு ஊருக்கெல்லாம் சொல்றேன். இருபத்துமூணு நாள்ல இன்னைக்குத்தான் முதல் தடவை எண்ணிக்கை குறைஞ்சுது. தப்புதான். ஆனா காதுக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?

— தெரியும்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நீங்க சொன்னதும் ஒரு வினாடி நானும் எழுந்து நின்னுட்டேன். அப்புறம்தான் பதிவேடு ஞாபகம் வந்துச்சு.

— டேய், கடைசி பெஞ்சு!

— போச்சு, என் கணக்கு டீச்சர். டிக்கெட் ஜன்னலுக்கே வந்துட்டாங்க.

— எழுந்திரிக்காதே, உட்காரு. நாற்பத்தெட்டு வயசாச்சு, இன்னும் என்னைக் கண்டா எழுந்திரிக்கிறான். ஸ்டோர் ரூம் சாவியை எடு.

— எதுக்கு டீச்சர்?

— ரெண்டு ரம்பம், நாலு கடப்பாரை, வடக்கயிறு, அப்புறம் ஒரு சிவப்புக் கொடி. உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும். பசங்களை ஒருதரம் சுற்றுலா கூட்டிட்டு வந்தப்ப நீயே பெருமையாக் காட்டினே. வளைவுக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்து மேல நாலு மரம் கிடக்குல்ல, அதை எடுக்கப் போறோம்.

— அது யாரோ வெட்டிப் போட்டது டீச்சர். யார் வெட்டினாங்கன்னே தெரியாது. ரேடியோல மூணு பேர் நான்தான் ஜனாதிபதின்னு பேசறாங்க. மூணு பேருமே, மத்த ரெண்டு பேரும்தான் வெட்டினாங்கன்னு சொல்றாங்க.

— யார் வெட்டினா என்ன? மரம் மரம்தானே. ரயில் அந்தப் பக்கம் வந்து நின்னா, கொம்பு முளைச்சுத் தாண்டுமா?

— பொதுமக்கள் தண்டவாளத்துல கால் வைக்கக் கூடாதுன்னு விதி…

— எத்தனாவது விதி?

— பன்னிரண்டு.

— பரவாயில்லயே. பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு மேல உனக்கு ஏதோ மனப்பாடம் ஆகியிருக்கு.

— அது மட்டுமில்ல டீச்சர், நாலு பேருக்கு மேல ஒண்ணாக் கூடக் கூடாதுன்னு ராணுவ உத்தரவு வேற இருக்கு. அந்த மரங்களுக்கு மேல இருக்கிற பாலத்துல காவல் போட்டிருக்காங்க. சுட்டுடுவாங்க.

— அதுக்குத்தான் நாலு நாலு பேரா நிறுத்தியிருக்கேன். பத்து வரிசை. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவுல இருபது தப்படி. நாலு பேருக்கு மேல எங்க கூடியிருக்கோம்னு அவங்களே வந்து எண்ணிப் பாத்துக்கட்டும்.

— டீச்சர், நான் ஒண்ணு சொல்லணும்…

— நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் மகளே. தண்ணி குடி. முகம் வெளுத்துக் கிடக்கு. டேய், சாவி.

— இந்தாங்க. வலது பக்கம் ரெண்டு தடவை திருப்பணும். கையெழுத்து…

— எடுத்துட்டு வந்து போடறேன். அதுவரைக்கும் என்மேல நம்பிக்கை இல்லேன்னா என் மூக்குக்கண்ணாடியை அடமானமா வச்சுக்கோ.

— போயிட்டாங்க.

— பாத்தீங்களா? கழித்தல் வரலைன்னு என்னை ரெண்டு வருஷம் ஒரே வகுப்புல உக்கார வச்சவங்க. அவங்க ‘சாவி’ன்னு கேட்டா என் கை தானாப் போகுது.

— அவங்க பையனும் அந்த ரயில்லதான் மாஸ்டர். காலேஜ்லேருந்து வர்றான். நாள் தவறாம பத்தரைக்கு வந்து நின்னு, நான் சொல்ற நம்பரை அந்தத் தூண்ல சாக்பீஸால எழுதிட்டுப் போறாங்க. இன்னைக்கு என் தப்பையும் எழுதியிருப்பாங்க.

— உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். உக்காருங்க.

— உக்காந்துதான் இருக்கேன்.

— இது நாலாம் நாள் வந்த தந்தி. சட்டைப் பையிலேயே வச்சிருந்தேன். ரெண்டு தடவை துவைச்சதுல எழுத்து கொஞ்சம் கலைஞ்சிடுச்சு.

— ‘பாதையில் தடைகள் உள்ளதாலும், அகற்ற ஆட்கள் இல்லாததாலும், தலைநகர் ரயில் மறு உத்தரவு வரை ரத்து.’

— நீங்க கையில வாங்கவே இல்ல. பிரிக்கவும் இல்ல.

— அந்தத் தந்தி வந்தப்ப நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க மாஸ்டர். கையெழுத்துப் போட்டு வாங்கினது நான்தான். படிச்சுட்டு, மடிச்சு, உங்க மேசையில தேநீர்க் கோப்பைக்கு அடியில வச்சேன்.

— பத்தொன்பது நாளா உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும்.

— தெரிஞ்சுக்கிட்டேவா தினமும் ‘தாமதமாக வரும், தாமதமாக வரும்’னு சொன்னீங்க?

— நீங்க ரத்துன்னு எழுதிக் கொடுத்திருந்தா ரத்துன்னு வாசிச்சிருப்பேன். நீங்க கொடுக்கல. விதிப்புத்தகத்தைத் தலைக்கு வச்சுத் தூங்கற மனுஷனே ஒரு விதியை மீறறார்னா, இந்த ரயில் வரும்னு அவ்வளவு நம்பறார்போலன்னு நினைச்சேன். அந்த நம்பிக்கையில எதுக்கு மண்ணள்ளிப் போடணும்?

— நானா? நான் எங்க நம்பினேன்? அறிவிப்பாளர்தான் வாசிக்கணும்னு விதி. உங்க வீட்டுக்காரர் ரயிலை உங்க வாயாலயே ரத்துன்னு சொல்ல வைக்க எனக்கு மனசு வரல. அவ்வளவுதான். நான் மூணாம் நாளே நம்பறதை விட்டுட்டேன்.

— நான் ரெண்டாம் நாளே.

— நல்லா இருக்கு.

— ரொம்ப நல்லா இருக்கு. நம்பிக்கையே இல்லாத ரெண்டு பேர், ஒருத்தர் நம்பிக்கையை இன்னொருத்தர் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கோம். சம்பளம் வராததுகூடப் பரவாயில்ல மாஸ்டர். இதுக்கு ஓவர்டைம் கேக்கலாம்.

— சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா எனக்கும் வரும்.

— சிரிக்கல. மைக்கைப் போடுங்க.

— எதுக்கு?

— நாப்பது பேர் மாஸ்டர். என் நாக்கு பிசகினதை நம்பி பாலத்துக்கிட்டப் போறாங்க. எவனாவது மேலேருந்து சுட்டான்னா? ஒரு ரயிலுக்காகச் செத்தாங்கன்னாலும் சரி. வராத ரயிலுக்காகவா? திருத்திடறேன். ரத்துங்கிறதையும் சேத்தே சொல்லிடறேன்.

— இப்ப வேண்டாமே.

— நீங்கதானே அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்க?

— அஞ்சு நிமிஷம் எப்பவோ ஆயிடுச்சு. ஆறாவது நிமிஷத்துக்கு விதி கிடையாது. நான் தேடிப் பாத்துட்டேன்.

— மாஸ்டர்…

— யோசிச்சுப் பாருங்க. ‘அகற்ற ஆட்கள் இல்லாததாலும்’னு போட்டிருக்கான். இப்ப ஆள் இருக்கு. நாப்பது பேர். இருபத்துமூணு நாள்ல இன்னைக்குத்தான் இருக்கு. அவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு, நாளைக்கு முப்பத்துநாலாயிரத்து எத்தனையோ…

— முப்பத்துநாலாயிரத்து ஐந்நூத்தி அறுபது.

— அதைச் சொல்லணுமா? எனக்கு இனிமே அதைக் கேக்கத் தெம்பு இல்லம்மா.

— எனக்கு மட்டும் சொல்லத் தெம்பு இருக்கா? ஆனா பொய்யை வச்சு ஆளை அனுப்ப முடியாது. அதோ, டீச்சர் வர்றாங்க. மைக் வேண்டாம், நேராவே சொல்லிடறேன். டீச்சர்! கொஞ்சம் நில்லுங்க!

— என்ன மகளே? கொடி பூச்சி அரிச்சுப் போயிருக்கு, கடைசி பெஞ்சு. சிவப்பைவிட ஓட்டைதான் அதிகம். கையெழுத்து எங்க போடணும்?

— டீச்சர், நான் மைக்குல சொன்னது தப்பு. முப்பத்துமூவாயிரம்னு சொல்ல வேண்டியது. ரயில் நகரவே இல்ல. எங்க நிக்குதுன்னே யாருக்கும் தெரியாது. ரத்துன்னு தந்தி வந்து பத்தொன்பது நாளாச்சு. எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். மன்னிச்சிடுங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க.

— முடிச்சிட்டியா?

— ம்.

— பத்து நாப்பதுக்கு வரவேண்டிய ரயில். நீ அறிவிக்கும்போது மணி பத்து நாப்பது. இருபத்துமூணு முழு நாள் போயாச்சு. அது எத்தனை நிமிஷம்?

— முப்பத்துமூவாயிரத்து நூத்தியிருபது.

— முப்பத்தோராயிரத்து நூத்தியிருபதுதான் தாமதம்னா, ரெண்டாயிரம் நிமிஷத்துக்கு முன்னாடியே, முந்தாநாள் ராத்திரி ஒண்ணு இருபதுக்கே, ரயில் இங்க வந்து நின்னிருக்கணும். நின்னுச்சா?

— இல்ல.

— இதைக் கண்டுபிடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்னு நினைக்கிறே?

— அப்ப உங்களுக்கு அப்பவே…

— நீ மைக்குல ‘வருந்துகிறோம்’னு முடிக்கறதுக்கு முன்னாடியே.

— அப்புறம் எதுக்கு டீச்சர் எல்லாரும் கைதட்டினாங்க?

— முதல்ல தட்டினது நான்தான்.

— தெரிஞ்சுக்கிட்டேவா? உங்களுக்குத் தெரியும், சரி. உங்க பையனுக்காக நீங்க போறீங்க. அவங்க? அந்த நாப்பது பேரும் நீங்க சொன்னதை நம்பித்தானே கடப்பாரையைத் தூக்கிட்டு நிக்கறாங்க? அவங்ககிட்ட உண்மையை யார் சொல்றது?

— அந்த நாப்பது பேரும் என்கிட்டக் கணக்குப் படிச்சவங்க மகளே. கழித்தல் தெரியாம ஒருத்தரையும் நான் அடுத்த வகுப்புக்கு அனுப்பினதில்ல.