வேலி போன பிறகு

— கேட்டுக்கிட்டுத்தானே நிக்கிறன் ஜுனைதா, சொல்லு. வேலி போடாட்டி மறுகா என்ன செய்யிற?

— தென்னம்புள்ள நடுற, வல்லியம்மக்கா. வெள்ளம் கொண்டு போன வேலி கிடந்த எடமெல்லாம் ஒரு நேருக்குத் தென்னம்புள்ள. காய் விழுந்தா ஆரு கிட்ட நிக்கிறாங்களோ அவங்க எடுத்துக் கறிக்குத் திருவிக்கிற.

— ஆடு வந்து குருத்தக் கடிச்சா?

— ஆட்டையும் பொதுவாத்தானே வளக்கப் போறம்.

— மறுகா என்ன. வெள்ளம் வேலிய மட்டும் கொண்டு போகல்ல புள்ள, உன்ட மூளையையும் சேத்துத்தான் கொண்டு போயிருக்கு.

— சிரிங்க, சிரிங்க. இஞ்ச பாருங்க, இன்னும் வடியாத தண்ணியில உங்கட வளவும் எங்கட வளவும் ஒரே வானமாக் கிடக்கு. பள்ளிக்கூடத்தில பதினாறு நாள் கிடந்தமே, அத நெனச்சுப் பாருங்கக்கா. உங்கட பாய் எங்க முடியிற, எங்கட பாய் எங்க தொடங்கிற எண்டு ஆருக்கும் தெரியுமா? அத்தன சனத்துக்கும் ஒரு கிடாரம், ஒரு அடுப்பு.

— வெள்ளிக்கிழமைக்குப் பூசணிக்காய்க் கறி.

— ஓம். உங்களுக்கு விரதம் எண்டு நீங்க வாய் திறக்கவே இல்ல. எங்கட பொண்டுகள் தானாத்தான் மீன அங்கால எடுத்து வெச்சாங்க. என்ட மனுசன் பதியுதீன் மீன் இல்லாமச் சோத்தில கை வெக்காத ஆள். அவரும் பேசாமத் திண்டுட்டு எழும்பினார்.

— திண்டார், திண்டார். ரெண்டாந்தரமும் கேட்டார். என்ட மனுசன் கதிர்காமன் மட்டும் என்னவாம்? மழை கொஞ்சம் விட்ட நாள் தோணியக் கொண்டு போனவர், கிடாரத்துக்கு அளவா மீன் பட்டதும் வலையச் சுருட்டிட்டு வந்திட்டார். வேற நாளையில அந்த மனுசன் அப்படி வருவாரா?

— அப்படி ஒரு ஊரத்தான் நான் சொல்றன். கிடாரம் நெறஞ்சா வலை போதும். கடலுக்கும் களைப்பு வராது. நெனச்சுப் பாருங்க, ஒலுவில்ல இருந்து இஞ்ச வரைக்கும் கரையெல்லாம் அப்படி ஒரே ஊர். எங்கட தறியில நெய்யிற சாரன் உங்கட கரைவலைக்காரருக்கு. உங்கட மீன் எங்கட சட்டிக்கு. சவளக்கடையில வெள்ளாமை வெட்டுற நாள் ரெண்டு பக்கத்துச் சனமும் வயலுக்குள்ள. ஒரு வீட்டு அடுப்புப் புகையல்லண்டா பக்கத்து வீட்டாளுக்குத் தொண்டையில சோறு இறங்கப்படாது.

— நல்ல ஊர்தான். கேக்கக் கேக்க எனக்கு நித்திரை வாற மாதிரி சுகமாக் கிடக்கு. ஆனா புள்ள, நான் வினாயகபுரம் போறன். தங்கச்சி வீட்டுக்கு.

— எப்ப வருவீங்க?

— வரமாட்டன். கதிர்காமனும் ஓம் எண்டுட்டார். நாளைக்குச் சாமானெல்லாம் ஏத்துறம்.

— என்னக்கா கதை இது?

— எங்கட கிணறு இடிஞ்சு தூந்து போச்சு. மூணு எடத்தில தோண்டிப் பாத்தம். மூணும் உப்பு. வளவுதானே பொம்பிளப் புள்ளக்கிச் சீதனம். தண்ணி இல்லாத வளவக் காட்டி என்ட மகள் சீதேவிக்கு எப்படி மாப்பிள எடுக்கிற?

— எங்கட கிணத்தில அள்ளுங்க எண்டு சொன்னன்தானே.

— சொன்னாய். அள்ளுறன். விடிய ஒரு தரம், உச்சிக்கு ஒரு தரம், பொழுது பட ஒரு தரம் உன்ட வாசல்ல வந்து நிக்கிறன். நீயும் சிரிச்ச முகமாத்தான் தாறாய். ஆனா ஒரு நாளைக்கு மூணு தரம் கேக்கிறது லேசில்ல ஜுனைதா. எனக்கு வெக்கமாக் கிடக்கு.

— நான் ஒரு நாளும் அப்படி நெனச்சதில்ல.

— தாற ஆளுக்கு அந்த நெனப்பு வராது. பதியுதீன்ட அண்ணன், அந்தக் காக்காவும் சொல்றாராம், ஊர்ச்சனம் முழுக்க அள்ளினா கிணறு வத்தும், வேலியப் போட்டுப் படலையப் பூட்டு எண்டு. வேலி கட்டக் கிடுகும் வந்து இறங்கிட்டு. அவர்ல பிழை சொல்ல மாட்டன். கிணறு உங்கட.

— நீங்க போனா நான் ஆரோட கதைக்கிற?

— அழாத புள்ள. அங்க பார், வளவு எல்லை எழுத ஊர் விதானையார் வாறார்.

— ஜுனைதா, வல்லியம்மை, ரெண்டு பேரும் நிக்கிறீங்க, நல்லதாப் போச்சு. விசயத்துக்கு வருவம். இந்த அம்பத்தேழு மார்கழியில வந்த வெள்ளத்தப் போல ஒண்ட என்ட வயசுக்கு நான் கண்டதில்ல, ஒரு கம்பு மிச்சம் வெக்கல்ல. பழைய எல்லை எங்க கிடந்த எண்டு நீங்கதான் சொல்லோணும். சொன்ன எடத்தில கம்ப நட்டு எழுதிட்டுப் போறன்.

— என்ட மனுசன் தறிக்குப் போயிட்டார், விதானையார்.

— அவர் என்னத்துக்கு? இது உன்ட உம்மா உனக்குத் தந்த வளவு. நம்மட ஊரில வளவு பொம்பிளட பேரில. பதியுதீன் இதில நிண்டாலும் நான் உன்ட சொல்லத்தான் எழுதுவன்.

— ஜுனைதா என்னத்துக்கு, நானே சொல்றன், விதானையார். கிணத்தில இருந்து என்ட வீட்டுப் பக்கமா மூணு முழம் தள்ளித்தான் வேலி கிடந்த. கிணறு அவட பக்கம்தான், அதில ஒரு வழக்கும் இல்ல.

— வல்லியம்மை சொல்லிட்டாள். நீ என்ன சொல்றாய், ஜுனைதா?

— அவங்க மறந்திட்டாங்க. வேலி கிணத்துக்கு இங்கால கிடந்த. என்ட வீட்டுப் பக்கமா நாலு முழம்.

— புள்ள, விளங்கித்தான் சொல்றியா? அப்ப கிணறு அவட வளவுக்குள்ள எல்லோ போகுது.

— எழுதாதங்க விதானையார், இவ பொய் சொல்றாள். ஜுனைதா, உனக்கு என்ன புள்ள பிடிச்சிருக்கு?

— எழுதினா எழுதினதுதான், புள்ள. மறுகா உன்ட வீட்டுத் தண்ணிக்கு என்ன செய்வாய்?

— எழுதுங்க. நாளைக்கு விடிய நான் குடத்தோட வல்லியம்மக்காட வாசலுக்குப் போவன். அவங்க ஊர விட்டுப் போயிட்டா எனக்கு ஆரு தண்ணி தாற?