பத்தொன்பது நாட்கள் திறந்திருந்த கடிதம்

மாணவர்களுக்குப் பென்சில் சீவிக் கொடுப்பது எனக்குப் பிடிக்கும். காப்பகத்துக்குள் பேனா கொண்டுவர முடியாது. ஒரு சொட்டு மை பட்டாலும் பழைய காகிதம் கெட்டுவிடும். அதனால் திங்கட்கிழமை காலைகளில் ஆறு பென்சில்களைச் சீவி வாசிப்பு மேசையில் வைப்பேன். பதினொரு வருடங்களாக அப்படித்தான். என்னிடம் பயிற்சிக்கு வந்த எவரும் நான் கடுமையாகப் பேசினேன் என்று சொல்லமாட்டார்கள். நிரூபாவும் சொல்லியிருக்கமாட்டாள். நீங்கள் அவளை விசாரித்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும்.

சிட்னியில், பரமட்டாவுக்கு அருகே உள்ள எங்கள் கல்லூரி அருங்காட்சியகத்தில் தமிழ்ச் சேகரிப்பு என் பொறுப்பு. வென்ட்வேர்த்வில்லில் நம்மவர் வீடு வீடாகப் போய், குடிக்கத் தந்ததைக் குடித்து, கடவுச்சீட்டு, கலியாணப் படம், கடிதம் என்று கேட்டு வாங்கிச் சேர்த்தவன் நான். ஆண்டுதோறும் ஒரு மாணவருக்கு அங்கே பயிற்சி கிடைக்கும். நன்றாகச் செய்தால் பிறகு வேலையும் கிடைக்கும். சென்ற ஆண்டு வந்தவள் நிரூபா. இங்கே பிறந்தவள், ஆனாலும் கையெழுத்துத் தமிழைத் தடக்காமல் வாசிப்பாள். கெட்டிக்காரி. அதை நான் எப்போதும் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது கிழமை, இயக்குநர் டயானும் பத்துப் பதினைந்து விருந்தினர்களும் நிற்கையில், அவள் சேகரிப்புக்கு நான் தயாரித்த பெயர்ப் பட்டியலைத் திரையில் காட்டினாள்.

"செந்தில் அங்கிள், இவையள் ரெண்டு பேரில்லை, ஒரே ஆள். கலியாணத்துக்கு முதல் அப்பான்ர பேர், பிறகு புருஷன்ர பேர். நீங்கள் ஒரு மனிசியை ரெண்டாக்கிப் போட்டியள்."

அவள் சொன்னது சரி. படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நம்மவருக்கு அப்படி ஒன்று கிடையாது. தாள்களில் கண்டதை அப்படியே அந்தக் கட்டத்தில் போட்டுவந்தேன். நாற்பத்தொரு பெண்கள் எண்பத்திரண்டு பேராகியிருந்தார்கள். அவள் டயானுக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். டயான் சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள்.

"பரவாயில்லை அங்கிள், எங்கட சனத்தொகையைக் கூட்டி விட்டிருக்கிறியள்" என்றாள். மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த கிழமை டயான் என்னை அழைத்து, தமிழ்ச் சேகரிப்பை இனி நிரூபாவிடம் விடலாம், நான் கிடங்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவளுடைய பயிற்சி அறிக்கை நல்லதாக வந்தால் போதுமாம். அறிக்கை எழுதவேண்டியவன் நான். நல்ல யோசனை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த நாற்பத்தொரு பெண்களில் ஒருவர் சிவனேஸ்வரி அன்ரி. அவருடைய தம்பி அருந்தவன் இன்னும் வன்னியில் இருக்கிறார், அல்லது அப்போது இருந்தார். சண்டை முடிந்த பிறகு அவர் அக்காவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிப்போனவர்கள் யார், யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று பெயர் பெயராக எழுதியிருந்தார். அன்ரி அதை என்னிடம் தர இரண்டு வருடங்கள் யோசித்தார். தந்த அன்று குசினிக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னார்: "தம்பி, அவன் அங்க இருக்கும் மட்டும் இதை ஒருத்தரும் பாக்கக் கூடாது. உங்களை நம்பித்தான் தாறன்."

எங்களிடம் ஒரு முறை உண்டு. இப்படிப்பட்ட கோப்பின் உள்ளே சிவப்புக் காகிதத் துண்டு ஒன்று வைப்போம். கணினிப் பதிவிலும் 'மூடியது' என்று குறிப்போம். துண்டைக் கண்டால் மாணவர்கள் கோப்பைத் தொடமாட்டார்கள்.

நிரூபா பயிற்சிக்காகச் செய்த இணையக் கண்காட்சிக்கு அன்ரியின் தாள்கள் இருந்த பெட்டியைக் கேட்டாள். அன்று காலை பத்து நாற்பதுக்கு, 'மூடியது' என்ற குறிப்பை நீக்கி அந்தக் கடிதத்தின் பதிவைத் திறந்தது நான்தான். உங்கள் கையில் இருக்கும் கணினித் தாள் சரியானது. சிவப்புத் துண்டை எடுத்து என் மேசை இலாச்சிக்குள் வைத்ததும் நான்தான். அது உங்கள் தாளில் இருக்காது.

அவள் கவனமான பிள்ளை. துண்டு இல்லாதபோதும் வந்து கேட்டாள்.

"அங்கிள், இதைப் போடலாமோ? ஆக்களின்ர பேரெல்லாம் கிடக்கு. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"சிவப்புத் துண்டு இருக்கோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கேள்விதான் கேட்டேன். தன் மனம் சொன்னதை அவள் கேட்டிருக்கலாம். பயிற்சி என்பது அதற்குத்தானே.

கடிதம் இணையத்தில் ஏறியது. படமும் மொழிபெயர்ப்பும் அருந்தவனின் முழுப் பெயரும். மொழிபெயர்ப்பு அருமையாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று என் கணினியில் தெரியும். முதல் நான்கு நாட்கள் சிட்னியும் மெல்பேர்னும்தான். ஐந்தாம் நாள் கொழும்பிலிருந்து ஒருவர் பார்த்தார். ஆறாம் நாள் பதினாறு பேர், அந்த ஒரு பக்கத்தை மட்டும்.

அதை இணையத்திலிருந்து எடுக்க ஒரு நிமிடம் போதும். கடவுச்சொல் என்னிடம் இருந்தது. ஆனால் பயிற்சி அறிக்கைக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அதற்குள் திருத்தப்பட்ட பிழையை யாரும் பிழையாகக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வேறு வேலை செய்வேன்.

பத்தொன்பதாம் நாள் அன்ரி தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அருந்தவனை வான் வண்டியில வந்து ஏத்திக்கொண்டு போட்டாங்களாம். கடிதத்தைப் பற்றிக் கேட்டவங்களாம். எந்தக் கடிதம் தம்பி?"

நான் சிவப்புத் துண்டைத் திரும்பவும் கோப்பில் வைத்தேன், பதிவை மூடினேன், பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்தேன், பிறகு டயானிடம் போனேன். மாணவி எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை என்று அறிக்கையில் எழுதினேன். துண்டு அங்கே இருக்கவில்லை என்று நிரூபா அழுதாள். டயான் கோப்பைத் திறந்து காட்டினார். அன்றே அவளைப் பயிற்சியிலிருந்து நிறுத்தினார்கள்.

அது நடந்து ஏழு மாதங்கள். அருந்தவன் வீடு திரும்பவில்லை. திரும்புவார் என்று நான் அப்போதும் நினைக்கவில்லை. அந்தக் கடிதத்தை முதலில் வாசித்தவன் நான், அதில் இருந்த பெயர்கள் எப்படிப்பட்டவர்களுடையவை என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அன்ரி வீட்டுக்குப் போய், காணாமற்போனவரைத் தேடித்தரும்படி அலுவலகங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். இந்த விசாரணையைப் பற்றி அவருக்குத் தெரியாது. போன கிழமையும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் இல்லாட்டி நான் ஆரிட்டப் போவன்?" என்றார்.

வருத்தமாக இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. இவ்வளவு நடந்தும் நிரூபா ஒரு தடவையாவது போய் அந்த மனிசியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.